பட்டை சேர்த்தால் பாரம் கூடுமா? பழைய பிக்கப் உரிமையாளருக்கு ஒரு வழக்குரைஞரின் பதில்

கடிதத்தின் சாரம்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகர், பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் 2012ஆம் ஆண்டு பதிவான டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டியாக வாங்கி, முறைப்படி தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, தாமே ஓட்டிவருகிறார். உடன் ஓர் உதவியாளர் உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு வாரத்தில் நான்கைந்து நடை போகிறார். குடும்பத்தின் வருமானம் முழுவதும் இந்த ஒரு வண்டியை நம்பியே இருக்கிறது.

சென்ற மாதம் கிளட்ச் சறுக்குகிறது, பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிறார். 38,000 ரூபாய் ஆகும் என்று வாய்ப்பேச்சாகப் பேசி முடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பட்டறை உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்ல, இவர் “எப்படியாவது வண்டிய ரெடி பண்ணிக் குடுங்கண்ணே” என்று பதில் சொல்லியிருக்கிறார். இப்போது பில் 74,500 ரூபாய். அதில் 27,500 ஹெட் வேலைக்கு. 9,000 சென்ற ஆண்டு செய்த வேறொரு வேலையின் பழைய பாக்கி. முழுத்தொகையும் வராமல் வண்டி வெளியே போகாது, நிற்கும் நாளொன்றுக்கு 200 ரூபாய் வாடகை, ஒரு மாதத்தில் எடுக்காவிட்டால் விற்றுக் கணக்கை நேர் செய்துகொள்வோம் என்கிறாராம் பட்டறைக்காரர். மாற்றுச் சாவி தம்மிடம் இருப்பதால் இரவோடு இரவாக எடுத்து வந்துவிடலாமா என்பது வாசகரின் முதல் கேள்வி.

இரண்டாவது பகுதி, வண்டி கைக்கு வந்த பிறகு செய்ய நினைக்கும் வேலைகளைப் பற்றியது. சீட்டு எடுத்த பணம் 1,20,000 ரூபாய் வைத்திருக்கிறார். பதிவுச் சான்றான ஆர்.சி.யின்படி ஒன்றேகால் டன் ஏற்றலாம். இவர் இரண்டு, இரண்டரை டன் ஏற்ற விரும்புகிறார். அதற்காகப் பின்பக்கம் இருபுறமும் இரண்டிரண்டு கமான் பட்டை (பாரத்தைத் தாங்கும் வில் போன்ற இரும்புத் தகடு) சேர்ப்பது, டயரை ஓர் அளவு பெரிதாக்குவது, பாடியின் பக்கப் பலகைகளை இரும்பில் இரண்டடி உயர்த்துவது, இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் டீசலைக் கூட்டி வைப்பது, முன்னால் பெரிய பம்பர் கம்பி, இரவில் சாலை சரியாகத் தெரியாததால் கூரையில் எல்.இ.டி. விளக்கு வரிசை என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறார். “சந்தையில் எல்லா வண்டியும் இப்படித்தான் ஓடுகிறது, ஃபுல் இன்சூரன்ஸும் இருக்கிறது, பிறகு என்ன பயம்?” என்று கேட்கிறார். சாதாரண இலகுரக வாகன உரிமம் மட்டுமே இருப்பது போதுமா, 15 ஆண்டு நிறைந்ததும் வண்டியைக் கழித்துவிட வேண்டுமா என்ற இரண்டு சந்தேகங்களும் கடிதத்தின் முடிவில் உள்ளன.

முதலில், பட்டறையில் நிற்கும் வண்டி

அன்புள்ள வாசகருக்கு, மாற்றுச் சாவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வண்டி உங்களுடையதுதான், ஆயினும் இன்றைய நிலையில் அதைச் சொல்லாமல் எடுத்து வருவது திருட்டுக் குற்றமாகவே ஆகக்கூடும். பழைய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவும், இப்போது அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவும் இதற்கென்றே ஓர் உதாரணத்தைத் தருகின்றன. கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர் கூலியைத் தராத நிலையில், கடைக்காரர் அதைக் கடனுக்கு ஈடாகச் சட்டப்படி வைத்திருக்கும்போது, அந்த ஈட்டை இல்லாமல் செய்யும் நோக்கத்துடன் உரிமையாளரே எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு என்கிறது அந்த உதாரணம். கடிகாரத்துக்குச் சொன்னது பிக்கப்புக்கும் பொருந்தும். இதே காரணத்தால், பட்டறைக்காரர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் எண்ணமும் பெரிதாகப் பலன் தராது. இது சிவில் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உழைப்பும் திறமையும் செலுத்தி ஒரு பொருளைச் சீர்செய்தவர், தமக்குச் சேர வேண்டிய கூலி கிடைக்கும்வரை அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 170ஆம் பிரிவு சொல்கிறது. பட்டறைக்காரருக்கு உள்ள பலம் இதுதான். ஆனால் அந்தப் பலத்துக்கு எல்லை உண்டு, அவர் அந்த எல்லையை மூன்று இடங்களில் தாண்டியிருக்கிறார். எந்த வேலைக்காக வண்டி இப்போது அவரிடம் இருக்கிறதோ அந்த வேலையின் கூலிக்காக மட்டுமே நிறுத்திவைக்கலாம். சென்ற ஆண்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோதே அந்த வேலை சார்ந்த பிடிப்பு போய்விட்டது. எனவே பழைய பாக்கி 9,000 உண்மையான கடனாகவே இருந்தாலும் அதைத் தனியாகக் கேட்க வேண்டுமே தவிர, அதற்காக இப்போது வண்டியை மறிக்க முடியாது. எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பொருளை நிறுத்திவைக்கும் பொது உரிமையை 171ஆம் பிரிவு வங்கியாளர் போன்ற சில வகையினருக்கே தருகிறது. பட்டறை அந்த வரிசையில் இல்லை. அடுத்து, 170ஆம் பிரிவு தருவது வைத்துக்கொள்ளும் உரிமையைத்தான், விற்கும் உரிமையை அல்ல. அடகு பிடித்தவருக்கு உள்ள விற்பனை உரிமை பழுதுபார்த்தவருக்குக் கிடையாது. முன்கூட்டி ஒப்புக்கொள்ளாத நாள் வாடகையைத் தம் பாதுகாப்புக்காகத் தாமே நிறுத்திவைத்திருக்கும் காலத்துக்குக் கேட்பதும் வலுவான அடிப்படை உள்ள கோரிக்கை அல்ல.

ஹெட் வேலைக்கான 27,500 ரூபாய் விஷயத்தில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிடப் பலவீனமானது. “எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் நான் கட்ட வேண்டியதில்லை” என்கிறீர்கள். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. எழுத்தில் இல்லாததால் செல்லாது என்றால் முதலில் பேசிய 38,000 என்ற தொகைக்கும் உங்களிடம் ஆதாரம் இல்லாமல் போய்விடும். தவிர, நீங்கள் தொலைபேசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எந்த நடுவரும் சம்மதமாகவே படிப்பார். தண்ணீரில் எண்ணெய் கலந்த இன்ஜினை அப்படியே மூடிக் கொடுத்திருந்தால், சில நடைகளில் இன்ஜினே போயிருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் சம்மதித்தது வேலைக்கு, தொகைக்கு அல்ல. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, செய்த வேலைக்கு இந்தத் தொகை நியாயமா என்பதுதான். உதிரிபாகங்களின் பில் நகல், ஹெட்டைச் சமன்செய்த லேத் பட்டறையின் ரசீது, கழற்றிய பழைய கேஸ்கட், கிளட்ச் பிளேட், வீல் சிலிண்டர் ஆகியவற்றைக் கேளுங்கள். நேர்மையாக வேலை செய்தவர் இவற்றைக் காட்டத் தயங்கமாட்டார்.

கணக்கையும் சற்றுப் பாருங்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் செலவு போக ஏறத்தாழ 2,000 ரூபாய் இழக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் பிடிவாதமாக நின்றால், தகராறில் உள்ள ஹெட் வேலையின் தொகையையே இழந்துவிடுகிறீர்கள். அதனால் என் ஆலோசனை இது. 38,000 ரூபாயையும், பாகங்களின் பில்லைப் பார்த்த பிறகு ஹெட் வேலைக்கு நியாயமாகத் தோன்றும் தொகையையும் தர முன்வருவதாகப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதே கடிதத்தில் 9,000 பாக்கியையும் நாள் வாடகையையும் இந்த வண்டியோடு சேர்க்கக் கூடாது என்றும் குறிப்பிடுங்கள். அதற்கும் இணங்காவிட்டால், “எதிர்ப்புடன் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று எழுதிக் கொடுத்து, வங்கி வழியாகப் பணத்தைக் கட்டி, வண்டியை எடுத்துவிட்டு, பிறகு வழக்கைத் தொடருங்கள்.

வழக்கு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருத்தமான இடம். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்று எதிர்த்தரப்பு வாதிடும், எதிர்பார்த்தே இருங்கள். பிழைப்புக்காக ஒருவர் தாமே ஓட்டும் லாரி, ஆட்டோ போன்றவற்றை வணிக நோக்கம் என்று கொள்ள முடியாது, ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதாலும் அது மாறாது என்று 1995ஆம் ஆண்டு லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஒரே வண்டி, ஓட்டுநர் நீங்களே, அதுவே குடும்பத்தின் வருமானம் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது. வண்டி இன்னும் பட்டறையிலேயே இருந்தால், தகராறுத் தொகையை ஆணையத்தில் கட்டிவிட்டு வண்டியை விடுவிக்கும்படி இடைக்கால உத்தரவு கேட்கலாம். அதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்துப் பார்ப்பதை நான் விரும்புவேன். ஒரே ஊரில், நாளை மறுபடியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டிய இருவருக்கு அது நல்ல வழி.

பழுதுபார்ப்பு வேறு, மாற்றம் வேறு

உங்கள் பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் பிரித்துவிடலாம்: இந்த வேலை வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த நிலைக்கும் ஆர்.சி.யில் எழுதியுள்ள நிலைக்கும் திருப்பிக் கொண்டுவருகிறதா, அல்லது அதிலிருந்து விலக்கிக் கொண்டுபோகிறதா? திருப்பிக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். விலக்கிக் கொண்டுபோவது மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. “ஒவ்வொரு” என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் ஆறு இருக்கின்றன.

சந்தையில் எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடுகிறது என்பது உண்மைதான். விபத்து நேராதவரை யாரும் குனிந்து பட்டையை எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் உயிர் போய்விட்டால், மோட்டார் வாகன ஆய்வாளர், உங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுவார். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அது ஆவணமாக வந்து நிற்கும்.

கமான் பட்டையும் இரண்டரை டன்னும்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். இதன் இயந்திரப் பகுதியை, விபத்து வாகனங்களை ஆய்வு செய்யும் சர்வேயர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

பட்டை சேர்த்தால் வண்டி அதிகப் பாரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள். பட்டை தாங்கும், வண்டி தாங்காது. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை என்பது பட்டையின் வலிமையை மட்டும் பார்த்து எழுதியது அல்ல. பின் ஆக்சில், அதன் பேரிங், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ், டயர், ஸ்டியரிங், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த எடையை நிறுத்த வேண்டிய பிரேக் என்று எல்லாமும் சேர்ந்தே அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. இரண்டு பட்டை சேர்ப்பதால் இவற்றில் எதுவும் வலுப்படுவதில்லை. மாறாக, முன்பு பட்டை வளைந்து உள்வாங்கிய அதிர்ச்சி இப்போது நேராகச் சேஸிஸுக்குப் போகும். பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றிச் சேஸிஸ் வெடிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே லோடு சென்சிங் வால்வ் என்ற ஒரு சிறிய பாகம் இருக்கும். பாரம் ஏற ஏற வண்டியின் பின்பகுதி தாழும். அந்தத் தாழ்வை ஒரு கம்பி வழியாக உணர்ந்து, பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை வால்வ் கூட்டும். காலி வண்டியில் பின்பகுதி உயர்ந்திருப்பதால் அழுத்தத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் காலி வண்டியில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். இப்போது இருபுறமும் இரண்டு பட்டை சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டரை டன் ஏற்றிய பிறகும் பின்பகுதி தாழ வேண்டிய அளவுக்குத் தாழாது. வால்வ் பாரம் குறைவு என்றே நினைத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அரைகுறை அழுத்தம்தான் அனுப்பும். அதாவது, பாரம் இரட்டிப்பாகும் அதே நேரத்தில் பின் பிரேக் பலவீனமாகும். முன் பிரேக் மட்டும் சூடேறித் தேயும். உங்கள் வண்டியில் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்ற புகாருக்கும், முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே பட்டை சேர்த்திருந்தால் அதற்கும் தொடர்பு இருக்கலாம். வண்டியை எடுக்கும்போது பட்டைகளின் எண்ணிக்கையைத் தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வால்வின் கம்பி துருப்பிடித்து நின்றுவிட்டதா, யாராவது அதைக் கழற்றிவிட்டார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்தின் பக்கம் வருவோம். 194ஆம் பிரிவின்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். அதன்மேல் கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படியான சரக்கை இறக்கும்வரை வண்டி நகர முடியாது. இறக்கும் செலவும் உங்களுடையது. அந்த இடத்திலேயே சமரசமாகக் கட்டும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம்; நீங்களோ இரண்டு மாநிலச் சாலைகளில் ஓடுகிறீர்கள். காய்கறி வண்டி ஒரு பகல் முழுக்கச் சாலையோரம் நின்றால் சரக்கின் கதி என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தளர்ந்துபோன அல்லது உடைந்த பட்டையை, அதே எண்ணிக்கையிலும் அதே தடிமனிலும் புதிதாக மாற்றுவது முழுக்க முழுக்கப் பழுதுபார்ப்பு. அதைத் தயங்காமல் செய்யுங்கள். சென்டர் போல்ட், ஷாக்கிள் புஷ், யூ போல்ட் ஆகியவற்றையும் கூடவே புதிதாகப் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி முறுக்கிக் கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டு ஓடிய பட்டையை இப்படி மாற்றினால், ஒன்றேகால் டன்னிலேயே வண்டி நடக்கும் விதம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து வியப்படைவீர்கள்.

பக்கப் பலகையை இரும்பில் உயர்த்துவதற்கும் இதே கணக்கு. மொத்த எடையின் வரம்பு மாறாது; ஆகவே பலகைக்கு ஏறும் ஒவ்வொரு கிலோவும் சரக்கிலிருந்து குறையும். இரும்புக் கூண்டு கட்டிய பிறகு நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடியது இன்று ஏற்றுவதைவிடக் குறைவு. உயரம் கூடினால் வளைவில் வண்டி சாயும் விதமும் மாறும். தக்காளிப் பெட்டி விழாமல் இருப்பதுதான் நோக்கம் என்றால் வலுவான கயிறும் நல்ல தார்ப்பாயும் போதும்.

பட்டியலில் மீதி உள்ளவை

டயரைப் பெரிதாக்குவதால் பயனில்லை. சக்கரத்தின் சுற்றளவு கூடினால் இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே, சொன்ன பாரக் குறியீட்டுக்குக் குறையாமல் நல்ல டயராக வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் புதிது என்று சொல்வதெல்லாம் புதிதல்ல. தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் செய்ததை முன் சக்கரத்தில் மாட்ட வேண்டாம்.

பம்பில் டீசலைக் கூட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: இப்போதுதான் 27,500 ரூபாய் கொடுத்து ஹெட் கேஸ்கட் மாற்றியிருக்கிறீர்கள். அளவுக்கு மீறிய டீசல் கறும்புகையாகவும் அதிக வெப்பமாகவும்தான் வெளியே வரும்; அந்த வெப்பம் முதலில் தாக்குவது அதே ஹெட்டைத்தான். புகைச் சோதனையிலும் தேற மாட்டீர்கள். இழுவை குறைந்திருந்தால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், நாஸில் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

முன் பம்பர் கம்பிகள் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கூரை விளக்கு வரிசையும் வேண்டாம். எதிரில் வருபவரின் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் உங்கள் பாதுகாப்புக்கும் எதிரி. ஆனால் இரவில் சாலை சரியாகத் தெரியவில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்னழுத்தம் தேய்ந்த சுவிட்சிலும் மெல்லிய வயரிலும் பாதிவழியில் வீணாகிறது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் வெகுவாக மங்கும். ரிலே வைத்துப் புது வயர் இழுத்து, மஞ்சளடித்த கண்ணாடியையும் மங்கிய ரிஃப்ளெக்டரையும் மாற்றி, எர்த் இணைப்பைச் சுத்தம் செய்தால், அதே வாட் பல்பிலேயே சாலை துலங்கும். ஹாலோஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறுமே தவிர, சாலையில் விழாது.

‘ஃபுல் இன்சூரன்ஸ்’ எதற்கெல்லாம்?

நீங்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. உங்கள் வண்டியால் மூன்றாம் நபருக்கு நேரும் பாதிப்புக்கானது ஒன்று. உங்கள் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது மற்றொன்று. முதலாவதில், காப்பீட்டு நிறுவனம் தட்டிக்கழிக்கச் சட்டம் குறிப்பிட்ட சில காரணங்களையே அனுமதிக்கிறது. பட்டை சேர்த்திருந்தது என்பதற்காக மட்டும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மறுக்கப்படாது. ஆனால் முக்கியமான ஒரு விவரத்தை மறைத்துப் பாலிசி எடுத்தீர்கள் என்ற வாதம் அந்தச் சில காரணங்களில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவதில்தான் உங்களுக்கு நேரடி நட்டம். அதிகப் பாரம் ஏற்றியிருந்தால் கோரிக்கையை முழுவதுமாக நிராகரிக்காமல், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதத்துக்கு மிகாமல் தரலாம் என்ற காப்பீட்டு வழிமுறையை 2010ஆம் ஆண்டு அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. அதிகப் பாரமே விபத்துக்குக் காரணம் அல்ல என்று காட்ட முடிந்தால் வாதாட இடம் உண்டு. ஆயினும் சேர்த்த பட்டையோடு, பிடிக்காத பின் பிரேக்கோடு, இரண்டரை டன்னோடு முன்னால் போன வண்டியில் மோதிவிட்டு அதைக் காட்டுவது எளிதல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வரும்போது தெரிந்தவர்களைப் பின்னால் ஏற்றி வருவதாகக் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சரக்கு வண்டியில் இலவசமாக வரும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது ஆஷா ராணி வழக்கிலிருந்து நிலைபெற்ற சட்டம். சரக்கின் உரிமையாளருக்கே கூட, கேபினில் அமர்ந்து வந்தால்தான் பாதுகாப்பு. பின்னால் இருப்பவருக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு உங்கள் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும். இந்த ஒன்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உரிமமும் வண்டியின் வயதும்

இந்த இரண்டு சந்தேகங்களுக்கும் பதில் உங்களுக்குச் சாதகமானது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்துடன் ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. 15 ஆண்டு நிறைந்ததும் கழித்துவிட வேண்டும் என்பதும் நம் மாநிலத்தில் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. தில்லிப் பகுதிக்கான உத்தரவுகளையும் அரசு வாகனங்களுக்கான விதியையும் கேட்டுவிட்டு இப்படிச் சொல்கிறார்கள். எட்டு ஆண்டைத் தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் தகுதிச் சான்றான எஃப்.சி. எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எஃப்.சி. இல்லாத நாளில் உங்கள் வண்டி சட்டத்தின் பார்வையில் பதிவே இல்லாத வண்டி என்பதை நினைவில் வையுங்கள்.

1,20,000 ரூபாயை எங்கே போடுவது

பட்டறைக் கணக்கு முடிந்த பிறகு, மிஞ்சுவதில் முதல் பங்கு பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் போகட்டும்: மாஸ்டர் சிலிண்டர், துருப்பிடித்த பிரேக் குழாய்கள், பிரேக் ஆயில், லோடு சென்சிங் வால்வ், ஸ்டியரிங் ராட் எண்ட், பால் ஜாயிண்ட். அடுத்து பட்டை, நான் மேலே சொன்னபடி அதே எண்ணிக்கையில். பிறகு டயர். பிறகு ஹெட்லைட் வயரிங், பின்புறப் பிரதிபலிப்புப் பட்டைகள், பின்விளக்குகள். சாலையோரம் நிற்கும் பிக்கப்பில் பின்னால் வந்து மோதும் விபத்துகளில் பாதிக்கப்பட்ட குடும்பங்களை நான் நிறையச் சந்திக்கிறேன், ஆகவே இதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். பணம் மீதமிருந்தால் ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்து, ஓஸ்களை மாற்றுங்கள்; புது ஹெட் கேஸ்கட்டுக்கு அதுவே காவல்.

இந்த வேலைகளை எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், என்ன வேலை, எவ்வளவு தொகை, அதற்குமேல் போனால் கேட்காமல் செய்யக் கூடாது என்று மூன்று வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள். தொலைபேசியில் கூடுதல் வேலை பற்றிக் கேட்டால், தொகையைக் கேட்டு அதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள். பில்களை எஃப்.சி. தாள்களோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் நேர்ந்தால், பராமரிப்பில் குறை வைக்கவில்லை என்று தீர்ப்பாயத்தில் நீங்கள் காட்டக்கூடிய சான்று அந்த உறைதான்.

இரண்டரை டன் வாடகைதான் வேண்டும் என்றால், அந்த எடைக்கே பதிவான வண்டியை வாங்க வேண்டும். இந்த வண்டி கடனில்லாமல் இன்னும் சில ஆண்டு ஓடட்டும், அதற்குள் முன்பணம் சேரும். அப்போது வாங்கும் வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட்டும் தேவைப்படும், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.